கத்தரி பட்ட மாத்திரை

என் கணவர் தையல்காரர். எதையும் வெட்டிச் சரிசெய்துவிடலாம் என்ற திமிர் அவருக்கு. ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை, "நாள் முழுக்க மெதுவா கரையணும், உடைக்காம அப்படியே முழுங்குங்க" என்று மருந்துக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாத்திரை பெரிதாம், தொண்டையில் அடைக்கிறதாம். துணி வெட்டும் கத்தரியால் நாலாக வெட்டி விழுங்கினார். நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கியது. பிரஷர் கிடுகிடுவென்று குறைந்து, தையல் மெஷின் மேலேயே சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "மாத்திரையில ஏதோ கோளாறு" என்றார்.

"நீங்க தைச்ச சட்டைய ஒருத்தன் நாலா வெட்டிட்டு வந்து, தையல் சரியில்லன்னு சொன்னா சும்மா விடுவீங்களா?" என்று கேட்டேன்.