எலி கடிக்காத கம்பி

எண்பதுகளின் கடைசியில், சுங்கைப்பட்டாணியில் ஒரு தோட்ட நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில் எனக்கு வேலை. கணினிப் பிரிவு என்று வாசலில் பலகை தொங்கும். உள்ளே நானும் இன்னொருவரும்தான். நான் நிரல் எழுதுவேன். என்னைவிட இளையவரான அவர் மோட்டார் சைக்கிளில் போய்க் கம்பி இழுப்பார், பெட்டி பொருத்துவார். குருணிலிருந்து பண்டார் பாரு வரை ஒவ்வொரு தோட்ட அலுவலகத்திலும் ரொட்டி டின் அளவில் ஒரு பெட்டி இருந்தது. அன்றன்று சேர்ந்த ரப்பர் பாலின் எடையைத் தொலைபேசிக் கம்பி வழியாக அது எங்களுக்கு அனுப்பும்.

பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு நாங்கள் அனுப்பும் கட்டளைகளை நிறைவேற்றும் நிரலுக்கு ஏஜெண்ட் என்று பெயர். அதை எழுதியவன் நான். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த பெருமை தலைக்கு மேல் ஒரு முழம் நின்ற காலம்.

அப்போது அவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கத்தோலிக்கக் குடும்பம். குருண் கோவிலில் ஞாயிறுதோறும் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பூசையில் அறிவிக்கும் வழக்கம் அது. அந்த வாரங்களில் எதைப் பேசினாலும் பேச்சு ஓலையில் வந்து நிற்கும்.

"அண்ணே, ஒரே கட்டளையில நாலஞ்சு விசயத்த மாத்தச் சொன்னா, பெட்டி எத முதல்ல மாத்தும்?"

"எதையும் மாத்தாது தம்பி. முதல்ல ஓலை வாசிக்கும். வேகத்த மாத்தலாமா, முகவரிய மாத்தலாமான்னு ஒவ்வொண்ணாக் கேக்கும். ஒருத்தன் மாட்டேன்னாலும் கல்யாணம் கிடையாது. எல்லாரும் சரின்னாத்தான் தாலி."

"சரின்னு சொன்னவன் தாலி கட்டுறப்ப தகராறு பண்ணா?"

"கட்டுன முடிச்ச அவுத்து, எல்லாத்தையும் பழையபடி வச்சிரும்."

"அதையும் எழுதிட்டீங்கதானே?"

"எழுதாமலா?" என்றேன்.

எழுதவில்லை. கேட்கும் பகுதி இருந்தது, மாற்றும் பகுதி இருந்தது. பழையபடி வைக்கும் பகுதி இருக்க வேண்டிய இடத்தில் 'பிறகு' என்று ஒரு சொல்லைப் போட்டு வைத்திருந்தேன். ஓலையில் சரி என்றவன் தாலி நேரத்தில் எதற்குத் தகராறு செய்யப்போகிறான் என்ற எண்ணம்தான்.

எங்கள் கெடா மாநிலத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை, வியாழன் அரை நாள். அவருடைய கல்யாணம் வெள்ளி காலை. அதற்கு முதல் நாள் மதியம், அலுவலகங்கள் மூடியபின், பெட்டிகளுக்கெல்லாம் புது வேகமும் புது முகவரியும் அனுப்பினேன். மற்றவை அடக்கமாக மாறிக்கொண்டன. பண்டார் பாரு பெட்டி மட்டும் ஓலைக்குச் சரி சொன்னது, வேகத்தை மாற்றிக்கொண்டது, முகவரியை எழுதப்போன இடத்தில் நினைவுச் சில்லில் இடமில்லாமல் நின்றுவிட்டது. 'முடிந்தது' என்று பதில் வராததால் எங்கள் பக்கம் பழைய வேகத்திலேயே காத்திருந்தது. பெட்டியோ புது வேகத்தில் பேசியது. ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்கவில்லை. நுனிக்கிளையில் உட்கார்ந்து அடிக்கிளையை வெட்டிய கதைதான்.

தோட்டத்துக்கு வெள்ளி ஏது, சனி ஏது? மறுநாளும் பால் வெட்டு உண்டு, கணக்கு வந்தாக வேண்டும். மேலாளர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"என்ன கோளாறு?"

"கம்பியில ஏதோ" என்று சொல்லிவிட்டேன்.

கம்பி என்றால் அவர் வேலை. மாமியார் வீட்டுக்கு வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். வந்தவர் முகம் சுளிக்கவில்லை.

"கம்பிதானே அண்ணே? ராத்திரிச் சாப்பாட்டுக்கு வந்துருவேன் லா."

பெட்டியில் பழைய வேகத்தைத் தட்டிவிட்டால் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் வேலை முடிந்திருக்கும். அதைச் சொன்னால் தவறு யாருடையது என்று தெரிந்துவிடும். சொல்லவில்லை. அவர் இல்லாத கோளாறை இருட்டும் வரை மழையில் தேடினார். பிறகு ஆற்றோரச் சாலையில் வெள்ளம் ஏறியதால் தோட்டத்திலேயே தங்கிவிட்டார்.

விடிந்ததும் தோட்ட நிர்வாகியின் பங்களாத் தொலைபேசியிலிருந்து அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, கூரைக்கு அடியில ஒரு எடத்துல எலி கடிச்ச மாதிரி இருக்கு. ஒட்டுப் போட்டுட்டேன். இன்னும் பேசமாட்டேங்குது."

"ஒட்டுப் போட்டாச்சுல்ல? அப்ப பெட்டியில வேகத்தப் பழைய எண்ணுக்கு வச்சிட்டு, ஒரு தடவ அணைச்சுப் போடு" என்றேன், அப்போதுதான் தோன்றியதுபோல.

பெட்டி பேசியது. "சனியன் பிடிச்ச எலி" என்று சிரித்துக்கொண்டே வைத்தார்.

குருண் கோவிலில் பாடகர் குழு தெரிந்த பாட்டையெல்லாம் பாடிவிட்டு மறுபடியும் முதல் பாட்டுக்கு வந்திருந்தது. மணப்பெண்ணின் அண்ணன் வாசலுக்கும் சாலைக்குமாக நடந்தார். மாப்பிள்ளை ஓடிவிட்டான் என்று பின் வரிசையில் பேச்சு எழுந்து, முன் வரிசைவரை வந்துவிட்டது. பெண்ணின் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து, "பொண்ண வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். அந்தப் பெண் அசையவில்லை. அலுவலகத்திலிருந்து நேராக வந்த நான் நடு வரிசையில் இருந்தேன். எழுந்து நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன்.

வெள்ளம் வடிந்த சாலையில், முழங்கால் வரை சேற்றோடு அவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"பண்டார் பாருல வேற பொண்ணு பாத்துட்டு வரீங்களா?"

"எலி பாத்துட்டு வரேன்" என்றார் அவர்.

கோவில் முழுவதும் சிரித்தது. ஃபாதரும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த வேலை நாளில் 'பிறகு' என்ற சொல்லை அழித்துவிட்டு, பழையபடி வைக்கும் பகுதியை எழுதி முடித்தேன். அது அரை நாள் வேலை. பெட்டிகள் அதன்பின் பாதியில் நிற்கவில்லை.

அவர்கள் வீட்டுக்கு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போகிறேன். மாமனார் கடைசிவரை அவரிடம் நன்றாகப் பேசவில்லை என்பது கேக் சாப்பிடும்போது எப்போதாவது வெளியே வரும். உடனே அவர் எலிக் கதையை எடுப்பார். பேரப்பிள்ளைகளுக்காக அந்த எலி வருடத்துக்கு வருடம் வளர்கிறது. போன முறை பூனை அளவுக்கு வந்துவிட்டது. "இந்த அண்ணன்தான் போன்லயே கண்டுபிடிச்சு என் கல்யாணத்தக் காப்பாத்துனவரு" என்று என் தோளில் தட்டினார்.

தம்பி, அந்தக் கம்பியில் கோளாறு இல்லை. எலி மேல்தோலைத்தான் கடித்திருந்தது. உங்களை மழையில் அலையவிட்டவன் நான். நீங்கள் புத்தகம் படிப்பவரல்லர். உங்கள் மனைவி படிப்பார். அவர் இதை உங்களுக்கு உரக்க வாசித்துக் காட்டட்டும். அதன்பிறகும் இந்தக் கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டால் வருகிறேன்.