பூஜை போட்ட கம்ப்யூட்டரும் பழைய ஃபிளாஷும்

ஓசூர் தொழிற்பேட்டையை ஒட்டிய வாடகை வீட்டில், முன்னறையை பிரவுசிங் சென்டராக்கி நான்கு கம்ப்யூட்டர் போட்டிருந்தேன். நான்கிலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் பென்டிரைவில் பாட்டை விட வைரஸ்தான் அதிகம் இருக்கும். அந்தத் தொல்லை தாங்காமல்தான் மாறினேன். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. "ஊரே ஒரு வழியில போவும், இவ மட்டும் தனி வழி" என்று ஊத்தங்கரைச் சொந்தங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

லினக்ஸில் எனக்கிருந்த ஒரே தலைவலி ஃபிளாஷ். பிரவுசருக்குள் வீடியோவையும் அனிமேஷனையும் ஓட வைக்கிற ப்ளகின் அது. புதிய பதிப்பு ஊருக்கெல்லாம் வந்து, ஆற அமர எங்களுக்கு வரும். வந்ததும் நான்கிலும் போட்டேன். போட்ட பிறகும் பழையதுதான் இருக்கிறது என்று சில பக்கங்கள் சாதித்தன. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

கணவர் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. ஆன்லைனில் பாதுகாப்புப் பயிற்சியை முடித்து, அதன் முடிவில் வரும் தேர்வில் தேறினால் வேலை பெர்மனென்ட். கம்பெனியின் தலைமையகம் வெளிநாட்டில். ஆயுத பூஜையைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? அன்றைக்கே கடைசி நாள், மாலை ஐந்து மணி என்று வைத்துவிட்டார்கள். கம்பெனியிலேயே முடித்துவிடலாம் என்று போனவர், மதியம் பொரி கடலைப் பையோடு திரும்பி வந்தார். அங்கே கம்ப்யூட்டருக்கும் பூஜை போட்டு அறையைப் பூட்டிவிட்டார்களாம். வரும் வழியில் ஒரு சென்டர்கூடத் திறந்திருக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் அதே கதைதான். காலையில் அவரே நான்கு மானிட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து, தளி ஊர்ப் பக்கத்துச் சாமந்தி மாலையைச் சாத்தியிருந்தார். பூஜை போட்ட கருவியை மறுநாள் வரை தொடக் கூடாது. அதில் மனிதர் படு கறார்.

"என்னாங்க, ஒண்ண மட்டும் ஆன் பண்றேன்," என்றேன்.

"பூஜ போட்டதும்மா. தொடக் கூடாது."

"அப்போ பெர்மனென்ட் வேணாமா?"

அவர் சாமி படத்தைப் பார்த்தார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. "சாமிக்குச் சொன்னா புரியும். உங்க கம்பெனிக்காரனுக்குத்தான் புரியாது" என்று மாலையை ஓரமாக ஒதுக்கிவிட்டு சுவிட்சைப் போட்டேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பயிற்சிப் பக்கம் திறந்தது. நடுவில் வெறும் சாம்பல் கட்டம். ஃபிளாஷ் பழையது, புதுப்பிக்கவும் என்றது. புதியதை மறுபடி போட்டேன், அதே பல்லவி. அடுத்த கம்ப்யூட்டரிலும் அப்படியே. "உன் லினக்ஸு..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மணி மூன்றரை. இவ்வளவு வருடம் காத்திருந்தது என் கம்ப்யூட்டரால் போய்விடுமோ என்று பயமாக இருந்தது.

பிரவுசரில் உள்ள ப்ளகின்களைக் காட்டும் பக்கத்தைத் திறந்தேன். பழைய பதிப்பின் எண்தான் இருந்தது. புதியதை இப்போதுதானே போட்டேன், இது எங்கிருந்து வருகிறது? கோப்பின் பெயரைக் கொடுத்து டிஸ்க் முழுக்கத் தேடவிட்டேன். இரண்டு இடத்தில் இருந்தது. புதியது சிஸ்டத்தின் ஃபோல்டரில். பழையது பயனரின் ஃபோல்டரில், அதாவது பிரவுசர் முதலில் எட்டிப் பார்க்கும் இடத்தில். அங்கே வைத்த புண்ணியவதி நானேதான். முன்பு எங்கே வைத்தால் வேலை செய்யும் என்று தெரியாமல், இணையத்தில் ஆளாளுக்குச் சொன்ன இடத்திலெல்லாம் ஒரு பிரதி போட்டிருந்தேன். போதாததற்கு, அந்த ஃபோல்டரை அப்படியே மற்ற மூன்று கம்ப்யூட்டருக்கும் நகலெடுத்திருந்தேன். அதனால்தான் நான்குக்கும் ஒரே வியாதி.

பழையதை அழித்து, பிரவுசரை மூடித் திறந்தேன். ஹெல்மெட் போட்ட பொம்மை ஒன்று திரையில் வந்து கையசைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வந்து உக்காருங்க."

"நான் தொட மாட்டேன். நான் சொல்றேன், நீ அழுத்து."

கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். எண்ணெயில் பிடித்த தீக்கு எந்த அணைப்பான், பிரஸ் மெஷினுக்குள் கை விடுமுன் எதை நிறுத்த வேண்டும் என்று கேள்விகள் வந்தன. அவர் சொல்லச் சொல்ல நான் அழுத்தினேன். ஒரு கேள்விக்கு மட்டும் முந்திரிக்கொட்டை மாதிரி நானே அழுத்தினேன். அது தப்பு.

"அம்மா தாயே, வேலைக்குப் போறது நானு" என்றார்.

ஐந்து மணிக்கு முன்பே தேறிவிட்டார் என்று திரை சொன்னது. அப்போதும் மவுசைத் தொடவில்லை. என் தலையைத்தான் தொட்டு ஆட்டினார். இருவரும் அங்கேயே உட்கார்ந்து பொரியைத் தின்று தீர்த்தோம். அன்று அத்தனை சந்தோஷமாக இருந்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குள் பெர்மனென்ட் ஆகியிருந்தார். பூஜையன்று காலையில் மூன்று மானிட்டருக்குச் சந்தனம் வைத்தவர், நான்காவதைத் துடைத்ததோடு விட்டுவிட்டார்.

"இதுக்கு மறந்துட்டீங்களா?" என்றேன்.

"இது இருக்கட்டும்," என்றார். "யாருக்காவது இன்னைக்கிக் கடைசி நாளா இருக்கும்."