நீலத் திரைக்கு அந்தப் பக்கம்

தெருவில் அவளுக்கு ரொட்டியக்கா என்று பெயர். ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நைட் ஷிஃப்ட். ஊர் பாய் விரிக்கிற நேரத்தில் படியிறங்குவாள், ஊர் பல் தேய்க்கிற நேரத்தில் படியேறுவாள். அதனால் தெருவில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியும், முகம் தெரியாது. அவளுக்கோ தெருவின் சத்தம் மட்டும்தான் தெரியும்.

வீடு இரண்டாம் மாடியில். ஜன்னலுக்குக் கனமான நீலத் திரை. காலையில் அதை இழுத்துவிட்டுப் படுத்தால் அறை குளத்தின் அடிப்பகுதி மாதிரி ஆகிவிடும். எட்டத்தில் எங்கோ வெயில் மிதக்கும். பகல் தூக்கம் என்றைக்குமே முழுத் தூக்கம் இல்லை, கோழித் தூக்கம்தான். தெருச் சத்தங்கள் திரையில் வடிகட்டி உள்ளே வரும், வரும்போதே கனவாகிவிடும்.

சளப், சளப் என்று ஒரு சத்தம் வந்தால் அவள் படகில் போய்க்கொண்டிருப்பாள். துடுப்புப் போடுவது யாரென்று தெரியாது, தண்ணீர் மட்டும் பளபளக்கும். இன்னொரு நேரம் படபடவென்று பெரிய கைதட்டல் கேட்கும். அவள் ஏதோ மேடையில் நின்றுகொண்டிருப்பாள். எதற்குத் தட்டுகிறார்கள் என்று கேட்க வாயெடுப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

மத்தியானம் ஒரு விசில் வரும். தெருக்கோடியிலிருந்து கிளம்பி, வளைந்து, இழுத்து, கொஞ்சம் குழைந்து, பாட்டென்றும் சொல்ல முடியாது, பாட்டில்லை என்றும் சொல்ல முடியாது. அவர்கள் வாசலுக்குப் பக்கத்தில் வந்ததும் பொசுக்கென்று நின்றுபோகும். கனவில் அந்த விசிலுக்கு ஓர் ஆள் இருந்தான். தலையில் தொப்பி, சைக்கிள், நல்ல உயரம். சிரித்தால் கன்னத்தில் குழி விழும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக்கூடிய விஷயமா இது? அதுவும் வீட்டுக்காரரிடம்?

வீட்டுக்காரர் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பழுது பார்ப்பவர். குட்டை உருவம், உச்சியில் வழுக்கை, அதிகம் பேசமாட்டார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார். அவள் விழித்துவிடக் கூடாதே என்று பூனை நடை நடந்து, தானே போட்டுச் சாப்பிட்டு, தட்டைக்கூடச் சத்தமில்லாமல் கழுவி வைத்துவிட்டுப் போவார்.

தொழிற்சாலையில் புது அடுப்பு வைத்தபோது ஆட்களை மாற்றிப் போட்டார்கள். “இனிமே உங்களுக்குக் காலை ஷிஃப்ட்மா. நடுவுல ஒரு வாரம் லீவு. ராத்திரி தூங்கிப் பழகிக்கிட்டு வாங்க” என்றார் மேற்பார்வையாளர்.

அந்த வாரம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பகலில் தூங்கக் கூடாது. சும்மா உட்கார்ந்தால் கண் சொக்குகிறது. சரி, நடக்கலாம் என்று இறங்கினாள். தூக்கக் கலக்கத்தில் எல்லாமே ஒரு அங்குலம் மேலே மிதந்தது. சுவரில் வெயில் ஏறுவதை நின்று பார்த்தாள். காய்கறிக் கடைக்காரர் தக்காளி மேல் தண்ணீர் தெளித்தார். சில துளி அவள் கை மேலும் பட்டது. “பாத்துப் போங்கம்மா” என்றார். “பரவாயில்ல, இன்னொரு தடவை தெளிங்க” என்று அவள் சொன்னதும் அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

எதிர்வரிசையில் இரும்புச் சாமான் கடையின் ஷட்டரை ஒருவர் தூக்கினார். கடகடவென்று ஷட்டர் எழும்பவும் மேலே வரிசையாக உட்கார்ந்திருந்த புறாக்கள் அத்தனையும் ஒன்றாகப் பறந்தன. படபடபட! அவள் நடுத்தெருவில் நின்றுவிட்டாள். இத்தனை காலமும் மேடையில் தனக்குக் கைதட்டியவர்கள் இவர்கள்தானா? பின்னால் ஆட்டோ ஹாரன் அடித்தது. “அக்கா, வீட்டுல சொல்லிட்டு வந்தீங்களா?” என்று ஓட்டுநர் கத்தினார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

படகு மொட்டை மாடியில் கிடைத்தது. கீழ்த்தளத்தில் சலவைக் கடை நடத்தும் அம்மாள் ஈரப் படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தாள். சளப், சளப்.

“அடியே ரொட்டிக்காரி! பகல்ல உன்னைப் பாக்குறதே அதிசயமா இருக்கு. சும்மா நிக்காம அந்த முனையப் பிடி.”

அவள் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து உதற, விரிப்பு காற்றில் வயிறு புடைத்து எழுந்தது. சின்னச் சின்ன நீர்த்துளி முகத்தில் அடித்தது. வெள்ளைத் துணிக்குள் வெயில் புகுந்து கண் கூசியது. ஒரு விரிப்பு, இன்னொரு விரிப்பு என்று அவளுக்கு ஆசை அடங்கவில்லை.

அப்போதுதான் விசில் கேட்டது.

தெருக்கோடியிலிருந்து வந்தது. அதே வளைவு, அதே குழைவு. விரிப்பின் முனை கையை விட்டு நழுவியது. கைப்பிடிச் சுவரை நோக்கி ஓடினாள்.

“மெதுவாடி! என்ன ஆச்சு?”

“அக்கா, அந்த விசில்... அது யாரு?”

சலவை அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். “விளையாடுறியா? எட்டிப் பாரு.”

எட்டிப் பார்த்தாள். கீழே ஒரு வழுக்கைத் தலை வெயிலில் மின்னிக்கொண்டு வந்தது. காய்கறிக் கடையைத் தாண்டியது. விசிலுக்குத் தகுந்தமாதிரி ஒரு கை லேசாக ஆடியது. வாசலுக்குப் பக்கத்தில் வந்ததும் விசில் நின்றது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, திருடன் மாதிரி படியேறினார் அவளுடைய வீட்டுக்காரர்.

“தெருவே தினம் கேக்குது. உனக்குத் தெரியாதா? வெண்ணெயைக் கையில வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையால்ல இருக்கு!” என்று சலவை அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தொப்பியும் சைக்கிளும் அந்த மொட்டை மாடியிலிருந்து எங்கோ பறந்து போயின. அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் படியிறங்கும்போது முகம் தானாகச் சூடாகியது, கல்யாணம் பேசி முடித்த பெண்ணுக்கு ஆவது போல.

சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள். “ஏங்க, உங்களுக்கு விசில் அடிக்க வருமா?”

“யாருக்கு? எனக்கா?” அவர் தட்டைப் பார்த்தார்.

“மாடியிலேர்ந்து பாத்தேன்.”

காது மடல் இரண்டும் சிவந்தன. தட்டில் சாதத்தை ஓரமாக ஒதுக்கினார். பிறகு சொன்னார். “அந்தக் கண்ணாடி ஸ்க்ரூ இருக்கே, கடுகுல பாதி. மூச்சு விட்டாப் பறந்துடும். காலையிலேர்ந்து மூச்சப் பிடிச்சுப் பிடிச்சு உக்காந்திருப்பேனா... வெளிய வந்ததும் அது அப்படி வந்துடுது. நானா அடிக்கல.”

“வாசல்ல ஏன் நிறுத்துறீங்க?”

“நீ தூங்குவியேம்மா.”

இன்னும் கொஞ்சம் சாதம் போட்டாள். வேண்டாம் என்று அவர் கையால் மறிப்பதற்குள் போட்டுவிட்டாள்.

மறுநாள் ஜன்னலில் காத்து நின்றாள். அவர் வந்தார், விசில் வரவில்லை. தெருக்கோடியிலேயே தலையை நிமிர்த்தி ஜன்னலைப் பார்த்துவிட்டார். அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நடந்து வந்தார். காய்கறிக் கடைக்காரர்கூட நிமிர்ந்து, இன்றைக்கு என்ன குறைகிறது என்பது போல அங்கும் இங்கும் பார்த்தார்.

தெருவுக்கே உரியதைத் தான் கேட்டுக் கெடுத்துவிட்டோமோ என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. அன்று சாயங்காலம் சொன்னாள்: “மத்தியானத்துல கொஞ்சம் கண்ணசந்தாத்தான் உடம்பு தாங்கும் போல. நாளையிலேர்ந்து படுத்துடுவேன். நீங்களே போட்டுச் சாப்பிடுங்க.”

“அதுக்கென்ன, தூங்கு” என்றார் அவர், நிம்மதியாக.

அடுத்த நாள் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். நீல வெளிச்சம் அறையை நிறைத்தது. கண்ணை மூடிக்கொண்டாள், தூங்கவில்லை. தெருக்கோடியிலிருந்து முதலில் தயங்கித் தயங்கி, பிறகு தைரியமாக, விசில் வந்தது. வழுக்கைத் தலையும் ஆடும் கையும் கண்ணுக்குள் நடந்து வந்தன. கன்னத்தில் குழி மட்டும் இன்னும் போகவில்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். கதவு ஓசையில்லாமல் திறந்தது. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

லீவு முடிந்து முதல் காலை ஷிஃப்டுக்குக் கிளம்பினாள். ஆளில்லாத தெருவில் இருட்டில் போய், விடியுமுன் திரும்பிப் பழகியவளுக்கு, வெளிச்சத்தில் தொழிற்சாலை வாசல் வேறு எங்கோ வந்துவிட்ட மாதிரி இருந்தது. வாசலுக்கு எதிரே பேருந்து நிறுத்தம். வேலைக்குப் போகிறவர்கள் தூக்கம் கலையாமல் நின்றார்கள். உள்ளே அடுப்பைத் திறந்திருப்பார்கள் போலிருக்கிறது. சூடான ரொட்டி வாசனை சுவரைத் தாண்டி, வெதுவெதுப்பாக, ரோட்டின் மேல் இறங்கியது. அடுப்படியிலேயே கிடந்த அவள் மூக்கு அந்த வாசனையை மறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. நிறுத்தத்தில் நின்றவர்கள் ஒவ்வொருவராக முகத்தை லேசாகத் தூக்கினார்கள். கோப்புப் பையோடு நின்ற ஓர் ஆள் கண்ணையே மூடிக்கொண்டார்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் அவளிடம் சொன்னாள். “இந்த ஸ்டாப்ல மட்டும் பஸ் லேட்டா வந்தா எனக்குக் கோபமே வராதுங்க.”

“அப்படியா?” என்றாள் ரொட்டியக்கா. இன்னும் கொஞ்ச நேரம் அவர்களோடு நின்று, மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, ரோட்டைக் கடந்து உள்ளே போனாள்.