நீலம் ஏறாத முன்பல்

மரக்காணம் உப்பளத்தில் மேரிசெல்வி சிரித்தால் நாலு பாத்தி தாண்டிக் கேட்கும். உப்பு ஏற்ற வந்த லாரி டிரைவர் பெலிக்ஸ் முதலில் கேட்டது அந்தச் சிரிப்பைத்தான். ஆளைப் பார்த்தது அப்புறம். புருஷனை இழந்து பல வருஷம் தனியாக இருந்தவள், நன்றாக யோசித்து, பெலிக்ஸைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். மழைக்காலத்தில் அளத்தில் வேலை இருக்காது என்பதால் கல்யாணத்தை அப்போது வைத்தார்கள்.

கல்யாணத்தை அறிவித்து மாதா கோயிலில் முதல் ஓலை வாசித்த ஞாயிறன்றே அவளுக்கு முன்பல்லின் ஈறு வீங்கிவிட்டது. கோடையில் ஈர வரப்பில் உப்புக்கூடையோடு வழுக்கி விழுந்தபோது அடிபட்ட பல் அது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கிளினிக் வைத்திருந்த பல் டாக்டர் அனுஷியா எக்ஸ்ரே எடுத்தார். உள்ளே நரம்பு செத்துச் சீழ் கட்டியிருந்தது. ரூட் கெனால் ஆரம்பித்தார். ஆனால் சுத்தம் செய்து மருந்து வைத்தும் சீழ் நிற்கவில்லை.

"வேருக்குள்ள ஒரு நீலச் சாயம் விட்டு, சிவப்பு லைட் காட்டணும்மா. லைட் பட்டதும் அது மிச்சமிருக்கிற கிருமியக் கொன்னுடும்" என்றார்.

மேரிசெல்வி விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். அவளோடு உப்பு வாரும் பாப்பாத்திக்கு வெளியூரில் யாரோ இதே வைத்தியம் செய்து, பல் நீலம் பாரித்துப் போயிருந்தது. அதிலிருந்து பாப்பாத்தி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டுதான் பேசுவாள்.

"வேணாங்க டாக்டர். புடுங்கிடுங்க. கட்டுப்பல்லு வெச்சிக்கிறேன்."

"நல்ல பல்ல ஏம்மா புடுங்கணும்? பல்லோட வெளிய தெரியிற பாகத்து உள்சுவர்ல சாயம் ஊறினாத்தான் நீலம் தெரியும். அந்த எடத்த முதல்லயே ஒரு பசையப் பூசி அடைச்சிடுவேன். ஈறுக்குள்ள இருக்கிற வேர்ல மட்டும்தான் சாயம் போகும்."

"வாயால சொன்னா எப்டிங்க நம்புறது? காட்டுங்க!"

அனுஷியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாருக்கோ பிடுங்கி, சுத்தம் செய்து வைத்திருந்த இரண்டு பற்களை எடுத்தார். ஒன்றின் உள்ளே பசையைப் பூசி இறுகவைத்தார்; மற்றதை அப்படியே விட்டார். இரண்டிலும் சாயம் விட்டுக் கழுவிக் கொடுத்தார். மேரிசெல்வி ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பூசாத பல்லில் நீல நிழல் விழுந்திருந்தது. பூசியது வெள்ளையாகவே இருந்தது.

"சரிங்க, படுத்துக்கிறேன்" என்றாள்.

அனுஷியா அவசரப்படவில்லை. பல்லின் உட்பக்கத்தை அடைத்த பிறகு, மெல்லிய ஊசியால் வேரின் அடியில் மட்டும் சாயத்தை விட்டார். லைட் காட்டி முடித்ததும் மருந்துத் தண்ணீரால் மறுபடி மறுபடி கழுவி, காகிதத் திரியை உள்ளே விட்டு எடுத்தார். திரி முதலில் கருநீலமாக வந்தது, பிறகு வெளிர்நீலம். வெள்ளையாக வரும்வரை அவர் விடவில்லை.

கூட வந்த பெலிக்ஸ் உள்ளே நடந்த பேச்சைக் கேட்டுவிட்டு, வெளியே உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தான். கதவு திறந்தது. மேரிசெல்வி, சேலையில் சிந்தாமலிருக்கக் கழுத்தில் கட்டிவிட்ட காகிதத்தைக் கழற்ற மறந்து வந்தாள். அதில் நீலச் சொட்டுகள். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளுக்குக் குறும்பு வந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"இன்னா மேரி, நீலமாயிடுச்சா?"

அவள் பாப்பாத்தி மாதிரி முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

"ஆனா ஆவட்டும், வுடு. பச்சையா மஞ்சளா எதுவா இருந்தா எனக்கின்னா? நீ வாய மூடிக்காத, அவ்ளோதான். நீ சிரிக்காத வூட்ல நான் இன்னா பண்ணுவேன்?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே நேரம் சிரிப்பும் வெடித்தது. பல் வெள்ளையாக இருந்தது. கிளினிக்கில் காத்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த தடவை போனபோது சீழ் நின்றிருந்தது. அனுஷியா வேரை அடைத்து, பல்லை மூடி முடித்தார். அவளை வாசல் வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்தபோதும் பல்லின் நிறம் மாறியிருக்கவில்லை.

கல்யாணத்தன்று விடாமல் மழை. வாடகைக்குப் பிடித்த கார் கோயில் வாசலிலேயே சேற்றில் சிக்கிக்கொண்டது. பெலிக்ஸ் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பு லாரியை எடுத்து வந்தான். மாலை கசங்காமல் மேரிசெல்வி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ள, ஹாரன் அடித்தபடி பெலிக்ஸின் ஊரான கீழ்புத்துப்பட்டு வரைக்கும் ஊர்வலம் போனார்கள்.