ஒன்பதாவது பாஸ்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கரும்பலகையில் நான்கு ஆங்கில எழுத்துகள். கடைசி இரண்டும் ஒரே எழுத்து. டீச்சர் சாக்பீஸைக் கீழே வைக்காமலே பேசினார்.

“பாஸ். இந்த ஒரு வார்த்தை நம்ம ஊர்ல எத்தனை விதமா நடமாடுதுன்னு பாத்துட்டு வாங்க. திங்கக்கிழமை யார் ஜாஸ்தி கொண்டு வர்றாங்களோ, அவங்கதான் இன்ஸ்பெக்டரம்மா முன்னாடி பேசணும்.”

புத்தகத்திலிருந்து எடுக்கக் கூடாது. ஒருவர் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். யார் சொன்னார், எங்கே, எத்தனை மணிக்கு என்ற மூன்றும் நோட்டில் இருக்க வேண்டும். பிற்காலத்தில் நான் வேலை பார்த்த பத்திரிகை அலுவலகங்களில் இதைவிட நல்ல விதியை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

எனக்கு அப்போது வயது பதினொன்று. ஆம்பூரில் எங்கள் பெண்கள் பள்ளி ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். மேலே படிக்க வேலூர் விடுதிக்குப் போக வேண்டும். அங்கே எங்கள் பள்ளிக்கு ஓர் இலவச இடம் உண்டு. பள்ளியைப் பார்வையிட வரும் இன்ஸ்பெக்டரம்மா முன்னால் நன்றாகப் பேசும் பெண்ணுக்கே அது கிடைக்கும். அப்பா முன்பே சொல்லிவிட்டார்: “எடம் கெடச்சா போ. கெடைக்கலன்னா அஞ்சாவது போதும்.”

எனக்குப் போட்டி ஸ்டேஷன் மாஸ்டரின் மகள். அவள் வீட்டில் ஆங்கிலம் பேசுவார்கள். அதைவிடப் பெரிய அநியாயம், அவள் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தாள். அந்த வீட்டில் தூணைத் தட்டினாலும் ஒரு பாஸ் விழும் என்று எனக்குத் தோன்றியது.

பரீட்சையில் பாஸ் என்பது எல்லோரிடமும் இருந்த முதல் ஒன்று. பள்ளி விட்டதும் நான் பாலாற்றுக்கு ஓடினேன். மணலில் பையன்கள் பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பத்து நிமிடம் நிற்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

“டேய், பாஸ் குடுறா! நீயே வச்சிக்கினு இன்னா பண்ணப் போற, ஊட்டுக்கா எடுத்துட்டுப் போற?”

எழுதிக்கொண்டேன். சொன்னவன் பெயரைக் கேட்டதும் அவன் பயந்துவிட்டான். போலீசில் கொடுக்கப்போகிறேன் என்று நினைத்தான் போல.

அங்கிருந்து ரயில்வே கேட். மெட்ராஸ் மெயில் எங்கள் ஊரில் நிற்காது. கேட்காரர் பச்சைக்கொடியை நீட்டிக்கொண்டே, “தள்ளு தள்ளு, மெயில் பாஸ் ஆவுது” என்று கத்தினார். மூன்று. வண்டி போன பிறகு, வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு இலவசமாகப் போக அவருக்கு ஒரு காகிதம் உண்டென்று காட்டினார். நான்காக மடித்துத் தலைப்பாகைக்குள் வைத்திருந்தார். நான்கு. அன்று இரவு நான் சோறு சாப்பிட்டேனா என்பதே நினைவில்லை.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தா. கம்பவுண்டர் பெஞ்சில் இருந்த ஒரு கிழவரிடம் ஊரே கேட்கும்படி விசாரித்தார்.

“இன்னா பாய், யூரின் பாஸ் ஆச்சா?”

“ஆவுதுப்பா. ஜாஸ்தி ஆவுது. அதான பேஜாரு.”

நான் மகிழ்ச்சியில் கை தட்டிவிட்டேன். கிழவர் என்னை முறைத்தார். அவர் பெயரை மட்டும் கேட்கத் துணியவில்லை. ஐந்தாவதுக்குக் கம்பவுண்டர் பெயரையே எழுதினேன்.

நாடகக் கொட்டகை வாசலில் ஆறு: “பாஸ் இருந்தா காட்டு, இல்லன்னா நடையக் கட்டு.” பென்ஷன் வாங்கும் பட்டாளத்துக்காரரிடம் ஏழு. அவர் பெஷாவரில் இருந்தவர். கைபர் பாஸ் என்ற கணவாயில் பனி எப்படி இருக்கும் என்று காட்ட, வெறும் சட்டையோடு உட்கார்ந்து ஒரு மணி நேரம் நடுங்கினார். மிஷன் பங்களா பட்லர் எட்டாவதைத் தந்தார். துரைமார் மேசையில் யாரும் எட்டி எடுக்க மாட்டார்களாம். உப்பு வேண்டுமென்றாலும் ‘பாஸ்’ பண்ணச் சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார்களாம். “கை நீட்டினா எட்ற தூரந்தான். ஆனா கேக்கணும். அதான் மரியாதி” என்றார்.

மாலை ஆறு மணிக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் சுவருக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மகள். அவள் வாயைத் திறக்காமல் விரல்களைக் காட்டினாள். எட்டு. நானும் எட்டைக் காட்டினேன். இருவரும் ஒரே நேரத்தில் நாக்கைத் துருத்தினோம்.

வீட்டுக்கு வந்து அழுகிற நிலைக்குப் போய்விட்டேன். அம்மா முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: “இதுக்கா அழுவுற? உங்கப்பா நாள் பூரா அதத்தான சொல்றாரு.”

அப்பா டேனரியில் தோல் தரம் பிரிக்கிறவர். ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமான ஆட்டுத்தோல்கள் கடைசியில் அவர் மேசைக்கு வரும். அவர் ‘பாஸ்’ என்று சொன்னவை முதல் தரக் கட்டோடு சேர்ந்து மெட்ராஸுக்கும், அங்கிருந்து சீமைக்கும் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவர் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. டேனரியை அவர் வீட்டுக்குக் கொண்டு வருவதில்லை. வாசனை மட்டும் தானாகக் கூட வரும்.

எங்கள் ஊர் டேனரிகளுக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு, அப்பாவுக்குக் கஞ்சித் தூக்கு கொண்டுபோகிறேன் என்று காவல்காரரிடம் சொல்லி உள்ளே நுழைந்தேன். சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டேன். முழங்கால்வரை வெளுத்துப்போன ஆட்கள் இடுக்கியால் தோலை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் அறை வேறு உலகம். வடக்குப் பக்கம் முழுக்க ஜன்னல். அதை ஒட்டி நீளமான மேசை. அப்பா நின்றுகொண்டு ஒவ்வொரு தோலாக விரித்து, ஒருமுறை பார்த்து, விரல்களை ஓட்டினார். அம்மா அந்த விரல்களுக்கு இரவில் விளக்கெண்ணெய் தேய்ப்பது எதற்கு என்று அன்றுதான் தெரிந்தது.

“பாஸ்.”

பக்கத்தில் இருந்தவர் முத்திரையால் ஒரு குத்து. தோல் கட்டுக்குப் போனது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நன்றாகப் பார்க்கவேண்டும் என்று மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த இடுக்கில் நுழைந்து, அப்பாவுக்கு எதிரே நின்றேன். நோட்டை ஜன்னல் கட்டையில் வைத்துக்கொண்டேன்.

முத்திரைக்காரர் குத்துவதை நிறுத்தினார். “மேஸ்திரி, கொயந்த வெளிச்சத்துல நிக்கிது.”

அப்பா என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். “இருக்கட்டும். எழுதட்டும்” என்றார்.

“குத்திட்டா திரும்ப எடுக்க முடியாது மேஸ்திரி.”

“கை இருக்குதில்ல? நீ குத்து.”

பிறகு என்னிடம், “எதுக்கும்மா எழுதற?” என்றார். சொன்னேன். வேலூர், விடுதி, எட்டுக்கு எட்டு, எல்லாம் ஒரே மூச்சில். அவர் சிரிக்கவில்லை. முதுகை நிமிர்த்திக்கொண்டார். அடுத்த ‘பாஸ்’ முன்னதைவிடச் சத்தமாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் சத்தமாக. மேடையில் ராஜபார்ட் பேசுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு முறையும் நான் நோட்டில் ஒரு கோடு போட்டேன். அங்கே நின்றவரை ஒன்றுகூடத் தள்ளுபடி ஆகவில்லை. என் அப்பா எவ்வளவு நல்ல தோல்களாகப் பார்த்து வாங்கியிருக்கிறார் என்று பெருமைப்பட்டேன். தோல் வாங்குவது அவர் வேலையே அல்ல.

நடுவில் முதலாளி வந்தார். அவ்வளவு பெரிய மனிதர், ஜன்னல் பக்கம் வராமல் மேசையின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு போனார். என்னைக் கண்டு ஒதுங்குகிறார் என்று நினைத்தேன்.

அப்பா கஞ்சியைக் குடித்துவிட்டுத் தூக்கைத் திருப்பிக் கொடுத்தார். “எழுதிக்கினியா? சரியா எழுதினியா?” என்று இரண்டு முறை கேட்டார்.

திங்கட்கிழமை ஸ்டேஷன் மாஸ்டர் மகள் எட்டோடு நின்றுவிட்டாள். நான் ஐந்தாவதைப் படித்தபோது வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் மேசையில் தட்டினாலும் அவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. ஒன்பதாவதைப் படித்ததும் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

“இது யார் சொன்னது?”

“எங்கப்பா, டீச்சர். டேனரியில. ஞாயித்துக்கிழமை காலையில ஒன்பதரை மணிக்கு.”

புதன்கிழமை இன்ஸ்பெக்டரம்மா வந்தார். நான் பேசினேன். வேலூர் இடம் எனக்குக் கிடைத்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மகள் தன் பென்சிலைப் பரிசாகக் கொடுத்துவிட்டு, பிறகு அழுதாள்.

விடுதிக்குப் போகும் மகிழ்ச்சியில் அந்தக் கோடை எப்படிப் போனதென்றே தெரியவில்லை. பெட்டிக்குப் பூட்டு வாங்குவதா, கயிறு கட்டுவதா என்பதே எனக்கு அப்போது பெரிய விஷயம். ஒரு மாலை நான் பெட்டிமேல் என் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது, அம்மாவும் அப்பாவும் தாழ்ந்த குரலில் பேசியது காதில் விழுந்தது. மெட்ராஸிலிருந்து ஒரு கட்டு திரும்பி வந்திருந்தது.

“எத்தினி தோலு?”

“மேல இருந்த பதினாலுல ஆறு. உண்ணி கடிச்ச தழும்பு. சாக்பீஸால வட்டம் போட்டு அனுப்பியிருக்கான்.”

“இத்தன வருசத்துல இப்படி ஆனதில்லியே. எப்படி வுட்டீங்க?”

நான் பெயரின் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்து முடித்தேன்.

ஜூன் மாதம், காலை ஏழு இருபது பாசஞ்சர். ஸ்டேஷனுக்கு நடந்தபோது கேட்காரர் கொடியோடு எனக்குக் கையும் ஆட்டினார். அப்பா பெட்டியை விரல்களால் பிடிக்காமல், முழங்கையைக் கைப்பிடி வளையத்துக்குள் விட்டுத் தூக்கி வந்து ஏற்றினார். சுண்ணாம்புக் குழி ஆட்களின் கால்களைப்போல அவர் நகங்கள் வெளுத்து, விரல் நுனிகள் வெடித்திருந்தன.

“கையில இன்னாப்பா வெள்ள?”

“சுண்ணாம்பும்மா. டேனரிக்கு வெள்ளையடிக்கிறாங்க.”

சரி என்று தலையாட்டிவிட்டு ஜன்னலோரத்தில் இடம் பிடித்தேன். வண்டி நகர்ந்ததும், இடது பக்கமா, வலது பக்கமா, எந்தப் பக்கம் முதலில் மலை தெரியும் என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டேன்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒன்பதாவது பாஸுக்குக் கீழே பென்சிலில் பதினான்கு கோடுகள்.