முதுகில்லாத சைட்போட்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் கோப்பைகள் அடுக்கும் நீள அலுமாரியான சைட்போட்டின் கதவைத் திறந்தால் சுவர் தெரியும். கோப்பைகளுக்குப் பின்னால், பலகை இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைச் சுவரும் எப்போதோ யாரோ அறைந்துவிட்டுப் போன ஓர் ஆணியும் இருக்கும். ஆணிக்குப் பக்கத்தில் ஒரு பல்லி குடியிருந்தது. கதவை மூடிவிட்டால் எல்லாம் மறைந்துவிடும், ஏனென்றால் முன்பக்கம் அவ்வளவு அழகு. இரண்டு கதவுகளிலும் முந்திரிகைக் கொடியும் திராட்சைக் குலைகளும் செதுக்கியிருந்தது. இடது கதவில் முப்பத்தொரு பழம், வலது கதவில் இருபத்தொன்பது. அந்த இரண்டு பழம் ஏன் குறைந்தது என்பது இளமையிலிருந்தே என்னை அரித்துக்கொண்டிருக்கும் கவலைகளில் ஒன்று. வருபவர்கள் அதன் முன்னால் நின்று தடவிப் பார்க்க ஆசைப்படுவார்கள். திறந்து பார்க்க மட்டும் அக்கா ஒருவரையும் விட்டதில்லை.

அது அக்காவின் சீதனம். ஊரைவிட்டுப் போன ஒரு பங்களாக்காரரிடம் அப்பா வாங்கி, மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, எங்கள் ஊர் கரவெட்டி வரைக்கும் பக்கத்திலேயே நடந்து கொண்டுவந்தார். அத்தான் கலியாணம் முடித்து நாலாம் வருடமே நெருப்புக் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அதற்குப் பிறகு அக்காவுக்குச் சைட்போட்தான். சனிக்கிழமைதோறும் பழைய வேட்டித் துண்டில் தேங்காய் எண்ணெய் தொட்டு, ஒவ்வொரு பழமாகத் துடைப்பார். நான் அதன்மேல் பேப்பரை வைத்தாலும் ஏச்சு விழும். "உது மேசையில்லை, தெரியுமோ? கை வியர்வை பட்டால் மரம் கறுக்கும்."

யுத்தத்தில் குருநகர்க் கடற்கரையில் செல் குண்டுகள் விழத் தொடங்கியபோது ஒரு மீன்பிடிக் குடும்பம் எங்கள் வீட்டில் வந்து தங்கியது. ஆறு பேர். குடும்பத் தலைவரை அக்கா "தம்பி" என்றார். நானும் அப்படியே அழைத்துப் பழகினேன். அவருடைய தகப்பன் நல்ல உயரமான மனிதர். வலை இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல், முற்றத்தில் இருந்து எங்கள் கிணற்றுக் கயிற்றை அவிழ்ப்பதும் முடிவதுமாக இருப்பார். அக்கா மரக்கறி மட்டும் சாப்பிடுபவர். மீன் சமைக்க வேலிக்கரையில் தனி அடுப்பு, சாப்பாட்டு அறைப்பக்கம் பிள்ளைகள் போகக்கூடாது என்று முதல் நாளே சட்டம் போட்டுவிட்டார். "சைட்போட்டிலை ஒரு கை பட்டுதோ, அண்டைக்கே எல்லாரும் வெளிக்கிட வேணும், சொல்லிப்போட்டன்."

பெரியவர் சிரிப்பார். "பிள்ளை, உதைக் கடலிலை இறக்கினால் நல்லா மிதக்கும். நாலு பேர் இருந்து தூண்டில் போடலாம்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். ஆனாலும் பெரியவருக்குப் பின்னேரத் தேத்தண்ணீர் போனது சைட்போட்டுக்குள் இருந்த பூப்போட்ட கோப்பையில்தான். எனக்கு அந்தக் கோப்பை ஒருநாளும் கிடைத்ததில்லை.

மாரி மழை தொடங்கிய நாட்களில் பெரியவர் காய்ச்சலில் விழுந்து, ஒரு விடியற்காலை எழும்பாமலே போய்விட்டார். அவர்கள் கத்தோலிக்கர், சவப்பெட்டி வேண்டும். பலகைக்கு எங்கே போவது? ஊருக்குள் சாமான் எதுவும் வராத காலம். இருந்த மரமெல்லாம் செல்லுக்குப் பதுங்கும் பங்கர்களுக்கு மேலே கிடந்தது. தம்பி சைக்கிளில் எட்டு இடம் ஏறி இறங்கி, நனைந்துபோய் வெறுங்கையோடு வந்து விறாந்தையில் குந்தினார்.

அக்காவுக்கு அது விளங்கவில்லை. எங்கள் ஆட்களைப் பாடையில் கொண்டுபோய் எரிப்போம். அவர் கண்டது அவ்வளவுதான். "ஒரு புதுப் பாய் தாறன் தம்பி. சுத்திக் கொண்டுபோனால் ஆகாதோ?"

தம்பி நனைந்த சட்டை நுனியைப் பிழிந்தார். பிறகு சொன்னார்: "அக்கா, நீங்கள் எரிக்கிறியள். நாங்கள் மண் போடுறம். முதல் பிடி மண்ணை நான்தான் போட வேணும். அது அப்புவின்ரை முகத்திலை விழக் கூடாது. பலகையிலை விழ வேணும்."

அக்கா எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் பீங்கான் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், சைட்போட்டின் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்து, கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் அடுக்கிக்கொண்டிருந்தார். "நிண்டு பாக்காமல் எண்ணி வை. ஒண்டு குறைஞ்சாலும் உன்னட்டைத்தான் கேப்பன்." எண்ணினேன். நாற்பத்திரண்டு.

தச்சுவேலைக்காரர் வந்து சைட்போட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் தயங்கினார். அக்கா கதவுகளைத் தானே மூடி, அதன் முன்னால் நின்றுகொண்டு சொன்னார்: "முகத்திலை கை வைக்காதையுங்கோ. முதுகைக் கழட்டுங்கோ."

முதுகில் ஆறரை அடி நீளத்தில் ஏழு பலகைகள் இருந்தன. பெட்டியின் அடிக்கு மூன்று, பக்கத்துக்கு இரண்டிரண்டு. உள்ளே நீளமாகக் கிடந்த தட்டு மூடியாயிற்று. தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் தேயிலைப் பெட்டித் துண்டுகள். ஒன்றும் மிஞ்சவில்லை, ஒன்றும் குறையவில்லை. அவ்வளவு உயரமான மனிதரைக் கால் மடக்காமல் வைத்தார்கள். பக்கத்து ஊர்ச் சேமக்காலையில், கத்தோலிக்கரின் அந்த இடுகாட்டில், மழை விட்ட இடைவெளியில், தம்பி போட்ட முதல் பிடி மண் பலகையில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா வரவில்லை. எங்கள் பெண்கள் அந்தக் காலத்தில் சுடலைக்கும் போவதில்லை, சேமக்காலைக்கும் போவதில்லை.

அந்த வழக்கத்தை அடுத்த வருடமே அவர் விட்டுவிட்டார். தம்பி குடும்பம் கரைக்குத் திரும்பிய பிறகும், கத்தோலிக்கர்கள் கல்லறைகளுக்கு விளக்கு வைக்கும் நாள் வந்தால், நெற்றியில் திருநீறும் பையில் மெழுகுதிரியுமாக அக்கா புறப்படுவார். எங்கே என்று கேட்டால் ஒரே பதில்: "என்ரை பலகை என்னமாதிரிக் கிடக்கெண்டு பாத்திட்டு வாறன்." அங்கே தம்பியின் மகளும் வருவாள். இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிப்பார்கள். பெரியவரின் கோப்பை இப்போது அவளுக்கு.

அக்கா காலமாகி நாலு வருடம். எனக்கு முழங்கால் இரண்டும் சரியில்லை. தனியே இருக்க வேண்டாமென்று கொழும்பிலிருந்து என் மகள் பிடிவாதமாக நிற்கிறாள். அவளுடைய மாடி வீட்டுக்குள் சைட்போட் ஏறாது. பழைய தளபாடம் வாங்கும் வியாபாரி ஒருவரை அவள்தான் அனுப்பினாள். அவர் கதவுகளைத் தடவி, தட்டி, மோந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். ஆட்களை விட்டுச் சுவரிலிருந்து நகர்த்தியதும் முகம் மாறியது.

"என்ன ஐயா, பின்னுக்கு ஒண்டுமேயில்லை?"

"இல்லை."

"பறவாயில்லை. பழைய பலகை வைச்சிருக்கிறன். அடிச்சுச் சாயம் பூசினால் ஒரு குஞ்சுக்கும் தெரியாது."

அந்த வார்த்தைதான் எனக்குப் பிடிக்கவில்லை. தெரியாமல் போவதற்கா அக்கா முப்பது வருடமாக மெழுகுதிரியோடு நடந்தார்? விற்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் கவலை பிடித்தது. பூட்டிக்கிடக்கும் வீட்டில் கறையான் ஒரு மாரிக்குள் முப்பத்தொன்றையும் இருபத்தொன்பதையும் தின்று தீர்த்துவிடும்.

விளக்கு வைக்கும் நாள் வந்தது. தம்பியின் மகள் விரலில் மெழுகு காயாமல் வந்து கதிரையில் இருந்தாள். வியாபாரி சொன்னதை அவளுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன்: "நீ கொண்டுபோறியோ?"

அவள் எழும்பிச் சைட்போட்டுக்கு முன்னால் போய் நின்றாள். ஐம்பதை நெருங்குகிறவள், கை நீட்டிவிட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "மாமி ஏசமாட்டாவோ?"

"கொண்டுபோ. ஆனால் பின்னுக்கு..."

"பின்னுக்குப் பலகை என்னத்துக்கு மாமா? அது அங்கை பத்திரமாக் கிடக்கு. இப்பத்தானே பாத்திட்டு வாறன்."

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மகன்மார் சைட்போட்டையும் கோப்பைகளையும் சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கயிறு சரியாக இறுகவில்லை என்று நான் வாசற் படலை வரைக்கும் கத்திக்கொண்டே போனேன். பின்னேரம் தொலைபேசி எடுத்தாள். "வந்து சேந்திட்டுது மாமா. கோப்பை எண்ணிப்போட்டன், நாப்பத்திரண்டும் சரி. சுவரோடை வைக்க இடமில்லை, வீட்டுக்கு நடுவிலை நிக்குது. பேரன் பின்னாலை கையை விட்டுக் கோப்பை எடுக்கிறான்."

"கை வியர்வை படும், கவனம்" என்றேன்.

இங்கே வெள்ளைச் சுவரில் ஆறரை அடி நீளத்துக்கு மட்டும் நிறம் மங்காமல் இருக்கிறது. ஆணி இருக்கிறது. பல்லி எங்கே போனதென்று தெரியவில்லை. லொறியோடு போயிருந்தால் அதற்கு அந்த உப்புக்காற்று ஒத்துக்கொள்ளுமோ என்னவோ. குருநகரில் இப்போது அந்தக் கதவைத் திறந்தால் சுவர் தெரியாது. மறுபக்கத்தில் சோறு தின்றுகொண்டிருக்கும் மனிதர்கள் தெரிவார்கள்.