எலிவாலைத் தின்ன கம்ப்யூட்டர்

ஆறு மில்லிமீட்டர். இத மனசுல வெச்சுக்கங்க. எழுத்த உள்பக்கமா மூணு மில்லிமீட்டர் சுருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொன்னா, அது இந்தக் கரையில மூணு, அந்தக் கரையில மூணுன்னு ஆறத் தின்னுபோடும். தொண்ணூத்தி ஏழுல துடியலூர் தெய்வாத்தாளுக்கு இத யாரும் சொல்லித் தரல. பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டா.

தெய்வாத்தா பீளமேட்டுல ஒரு மில்லுல கோன் வைண்டிங்ல, நூலைக் கோன்ல சுத்தற மெஷின்கிட்ட நின்னவ. ஷிப்டு முழுக்க நின்ன காலு. மில்லு மூடுனதும் கூட்டாளிப் பொம்பளைங்க வேற மில்லுக்கு வேன் ஏறுனாங்க. இவ மட்டும் டி.டி.பி. சென்டருக்கு மவுஸ் புடிக்கப் போனா. ஏன்னு கேட்டா ஒரே பதில்தான்: "உக்காந்து செய்யற வேலைங்க."

புருசன் அப்புசாமி மேட்டுப்பாளையம் ரோட்டுல ரேடியம் ஸ்டிக்கர் கடை. பிளேடுலயே வெட்டுவான். அவன் எழுத்து மண்டை பெருத்து, வாலு எலிவாலாட்டம் மெலிஞ்சு ஓடும். அந்த வாலு மேல அவனுக்குப் பொண்டாட்டி மேல இருக்கறத விட எச்சாப் பாசம்.

காந்திபுரத்துக்காரர் ஒருத்தர் ஸ்டிக்கர் வெட்டற மெஷினைக் கம்ப்யூட்டரு, ஸ்கேனரோட சோதனைக்குன்னு கடையில எறக்கி வெச்சாரு. "ஓட்டிப் பாருங்க. ஒத்து வரலீன்னா ஞாயித்துக்கிழமை தூக்கிக்கறேன்"னாரு. அப்புசாமி அன்னைக்கே சொல்லிப்போட்டான்: "மெஷின் திரும்பிப் போச்சுன்னா திங்கக்கிழமை நீ மில்லு வேன் ஏறோணும். அப்பறம் மொகத்தத் தூக்கக் கூடாது அம்மணி."

அந்த வாரம் பார்த்து வந்தாரு நாகூர் மீரான். புதுசா ஆரம்பிச்ச ஆட்டோ ஸ்டேண்டுக்குச் செயலாளர். ஞாயித்துக்கிழமை காலையில திறப்பு. எல்லா வண்டிக் கண்ணாடியிலயும் "துடியலூர் ஆட்டோ நிறுத்தம்"னு இருக்கோணும். மஞ்சள் எழுத்து, அதைச் சுத்திச் சிவப்புக் கரை.

"அப்புசாமி எழுத்துதான் வேணும். ஆனா டவுனுல கம்ப்யூட்டர்ல குடுக்கலாமான்னு பசங்க கேக்கறாங்க."

"டவுனுக்கு ஏனுங்கண்ணா போறீங்க? நானே செஞ்சு தாரேன்"னு தெய்வாத்தா சொல்லிப்போட்டா.

புருசன் தாளுல எழுதுனத ஸ்கேன் பண்ணி, மவுஸ்ல கோடு கோடா எழுத்த வரைஞ்சு எடுத்தா. அடியில சிவப்பு. அதே எழுத்தக் கொஞ்சம் சின்னதாக்கி மேல மஞ்சள். அவ்வளவுதானேன்னு மூலையைப் புடிச்சு இழுத்துச் சின்னதாக்குனா. வெட்டி ஒட்டிப் பார்த்தா, நடுவுல இருக்கற எழுத்து மட்டும் ஒழுங்கா உக்காந்திருக்கு. முன்னாடி "து"வும் கடைசி "ம்"மும் சிவப்பை விட்டு நடுவாப்புல நகந்து கெடக்கு.

அப்புசாமி சிரிச்ச சிரிப்புல பக்கத்து டீக்கடையில இருந்து ரெண்டு பேரு எட்டிப் பார்த்தாங்க. "ஏனம்மணி, எழுத்தெல்லாம் பஸ்ஸுல எடம் புடிக்கப் போறாப்பல நெருக்கீட்டு நிக்குது?"

மொத்தமாச் சின்னதாக்கறது வேற, ஓரத்த உள்ள தள்ளறது வேறன்னு அவளுக்கு அப்பத்தான் வெளங்குச்சு. உள்பக்கம் சுருக்கற கட்டளையைத் தேடிப் புடிச்சு, மூணு மில்லிமீட்டர்னு குடுத்தா. பாதி எழுத்து கேட்டுச்சு, பாதி கேக்கல. "ஆ"வோட சுழி, ஓட்டை பெருசாகறதுக்குப் பதிலா சின்னதாப் போச்சு. வெளிக்கோட்டையும் சுழியையும் தனித்தனியா விட்டிருந்தா. சுழி ஒரு ஓட்டைன்னே கம்ப்யூட்டருக்குத் தெரியல. ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்ததும் சரியாச்சு. "டி"யோட கொக்கி மட்டும் அசையவே இல்ல. உள்ள கலர் ஊத்திப் பார்த்தா, நிக்கல. கலர் நிக்கலீன்னா எங்கயோ கோடு மூடல. உருவத்தப் பெருசாக்கிப் பார்த்தா, நுனியில ரெண்டு புள்ளி முட்டாம நிக்குது. இழுத்து ஒட்டுனா. கொக்கியும் வழிக்கு வந்துச்சு.

சனிக்கிழமை மத்தியானம் மஞ்சள் வெட்டியாச்சு. வேண்டாத துண்டை உரிச்சு எடுத்தா, வாலுகளைக் காணோம். "து"வுக்கு வாலில்ல, "று"வுக்கு வாலில்ல. அஞ்சு மில்லிமீட்டர் அகல வாலுல ஆறு போனா என்ன மிஞ்சும்?

அப்புசாமிக்கு இந்தத் தடவை சிரிப்பு வரல. "என்ற வாலு எங்க?"

"சுருக்குனதுல கரைஞ்சு போச்சுங்க. வாலைச் சித்தத் தடியா எழுதிக் குடுங்க."

"தடியாவா? எலிவாலை எருமைவாலாக்கச் சொல்றியா?"

சண்டை வேண்டாம்னு மூணை ஒண்ணாக் கொறைச்சா. வாலு வந்துச்சு. ஆனா மீரான் வந்து ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டு, "தங்கச்சி, கரையே தெரியலியேம்மா"ன்னு தலையைச் சொறிஞ்சாரு. "டவுனுக்கே ஓடறேன். இன்னும் கடை தொறந்திருக்கும்."

"ஒரு டீ குடிச்சுட்டு வாங்கண்ணா. அதுக்குள்ள ஆகலீன்னா போங்க"ன்னா தெய்வாத்தா. திங்கக்கிழமை வேனோட ஹாரன் இப்பவே காதுல கேக்குது.

"மறுபடியும் கேக்கறேனுங்க. வாலைத் தடியாக்கித் தாங்க."

"முடியாது! என்ற எழுத்துல ஏன் கை வெக்கறே? கரை வேணும்னா அந்தச் சிவப்பை இழுத்துப் பெருசாக்கிக்கோ!" கோவத்துல கத்துனான். யோசிச்செல்லாம் சொல்லல.

தெய்வாத்தா திரும்பி ஸ்கிரீனைப் பார்த்தா. மஞ்சளை ஏன் சுருக்கோணும்? மஞ்சள் அவன் எழுதுன அளவுலயே இருக்கட்டும். அடியில இருக்கற சிவப்பு மூணு மில்லிமீட்டர் வெளிய போகட்டும். உள்பக்கம்னு இருந்தத வெளிப்பக்கம்னு மாத்துனா. வாலு முழுசா நின்னுச்சு, சுத்தியும் பட்டையாச் சிவப்பு. சுழி கொஞ்சம் குறுகுச்சு, அடைபடல. பக்கத்துப் பக்கத்துச் சிவப்பு மட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுச்சு. அதையும் வெல்டுங்கற கட்டளையைக் குடுத்து ஒண்ணாக்கிப்போட்டா. வார்த்தை முழுக்க ஒரே துண்டு.

மெஷின் வெட்டித் தந்த சிவப்பை அப்புசாமி உரிச்சான். எழுத்து எழுத்தா ஒட்டிப் பழகுன கை. இது ஒரே இழுப்புல கையோட வந்துச்சு. மேல மஞ்சளை ஒட்டுனான். வாலு மேல வெரலை ஓட்டிப் பார்த்துட்டு, "பரவால்ல"ன்னான். அவன் வாயில இருந்து அது பெரிய வார்த்தை.

டீ கிளாசோட வந்த மீரான் மறுபடி ரோட்டத் தாண்டிப் போயி நின்னாரு. அங்க இருந்தே கத்துனாரு: "போடு தங்கச்சி, எல்லா வண்டிக்கும்!"

ஞாயித்துக்கிழமை காந்திபுரத்துக்காரர் மெஷினைத் தூக்க ஆளோட வந்தாரு. அப்புசாமி ஏணி மேல நின்னு கடை போர்டைத் தொடைச்சுக்கிட்டே, "ஆளை எதுக்குங்க கூட்டியாந்தீங்க? மெஷின் வேலையா இருக்குது"ன்னான்.

திங்கக்கிழமை மில்லு வேன் கடை முன்னாடி நின்னு ஹாரன் அடிச்சுச்சு. தெய்வாத்தா நாற்காலியை விட்டு எந்திரிக்கல. ஜன்னல் வழியாக் கையை மட்டும் ஆட்டுனா. எதுத்த ஸ்டேண்டுக்காரங்களும் அதே மாதிரி வேணும்னு வாசல்ல வந்து நின்னுட்டாங்க.

அந்த வாரம் ஒட்டுன வண்டி, அறுபத்தி நாலு.